குளிருக்கு ஏற்ற எலுமிச்சை

1894 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் கடும் உறைபனி இறங்கியது. ஆரஞ்சுத் தோப்புகளில் காய் உறைந்தது, இலை கருகி உதிர்ந்தது. ஆனாலும் மரங்கள் பெரும்பாலும் உயிரோடு இருந்தன. அடுத்து வந்த ஜனவரி இதமாக இருந்ததால் மரங்களில் சாறு ஏறியது, கிளையெங்கும் துளிர் விட்டது. அந்தத் துளிர்தான் அவற்றுக்கு எமனாயிற்று. 1895 பிப்ரவரியில் மறுபடியும் உறைபனி வந்தபோது பட்டைகள் வெடித்து, தோப்புத் தோப்பாக மரங்கள் தரைமட்டம் வரை செத்துப்போயின. ஆண்டுக்கு ஐம்பது லட்சம் பெட்டிப் பழத்தை ஏற்றி அனுப்பிய மாநிலம், பழைய நிலைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் பிடித்தன. ஒரே மரம், ஒரே மண். டிசம்பர்க் குளிரைத் தாங்கியது, பிப்ரவரிக் குளிரைத் தாங்கவில்லை. முதல் முறை அது ஓய்ந்திருந்தது. இரண்டாம் முறை விழித்திருந்தது.

எலுமிச்சைக் குடும்பத்து மரங்களைக் குளிர்ப் பகுதிகளில் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, இது எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பதைத்தான். டொராண்டோவிலும் லண்டனிலும் ஓஸ்லோவிலும் ஜன்னலோரத்தில் எலுமிச்சைத் தொட்டி வைத்திருக்கும் நம்மவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். ஊட்டியிலோ நுவரெலியாவிலோ வீட்டுக்குப் பின்னால் ஒரு நாரத்தை நட நினைப்பவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே ஓர் எண்ணைப் பதிலாகச் சொன்னால் அது பாதி உண்மைதான். எந்த இனம், எந்த வேரில் ஒட்டியது, குளிர் வரும்முன் அது ஓயக் கால அவகாசம் கிடைத்ததா, கோடையில் பழுக்கப் போதிய வெயில் உண்டா என்ற நான்கும் சேர்ந்துதான் விடை. கண்ணாடிக் கூரையும் கணப்பும் இவற்றுக்குப் பின்னால் வருபவை. பொருத்தமான மரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே வேலையில் பெரும்பகுதி என்பதுதான் இருநூறு முந்நூறு ஆண்டு அனுபவம் காட்டும் முடிவு.

இந்தக் குடும்பம் வெப்ப நாட்டுக்கே உரியது என்ற எண்ணத்தை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, இவற்றின் பிறப்பிடம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம் என்று சொல்கிறது. அசாமின் கிழக்குப் பகுதி, வடக்கு மியான்மர், சீனாவின் மேற்கு யுன்னான் ஆகியவை சேர்ந்த நிலம் அது. அங்கிருந்து சில இனங்கள் தெற்கே ஈரக்காடுகளுக்கு வந்தன, சில வடகிழக்கே பனி விழும் சீனப் பகுதிகளுக்குப் போயின. ஆகவே குடும்பத்துக்குள்ளேயே குளிர் தாங்கும் கிளையும் உண்டு, தாங்காத கிளையும் உண்டு. அதோடு, மிதமான குளிர் இந்த மரங்களுக்குத் தேவையும்கூட. வெப்பநிலை 13 டிகிரிக்குக் கீழே போனால் வேரும் தளிரும் வளர்வதை நிறுத்திக்கொள்கின்றன. சில வாரம் அப்படி ஓய்ந்த மரம்தான் அடுத்த பருவத்தில் திரண்டு பூக்கிறது. நம் சமவெளியில் அந்தக் குளிர் இல்லை. அதனால் தண்ணீரை நிறுத்தி வாடவிட்டுப் பூக்கவைக்கிறார்கள். தோலில் ஆரஞ்சு நிறம் ஏறுவதற்கும் குளிர்ந்த இரவு வேண்டும். இலங்கையின் பிபிலை ஆரஞ்சு நன்றாகப் பழுத்த பிறகும் பச்சையாகவே இருப்பது அந்த இரவு கிடைக்காததால்தான்; சுவையில் அதற்கு ஒரு குறையும் இல்லை.

ஓய்வு என்று சொன்னதன் உட்பொருள் இதுதான். இலையுதிர்காலத்தில் குளிர் படிப்படியாக இறங்கினால், மரம் புதுத் தளிர் விடுவதை நிறுத்துகிறது; செல்களில் சர்க்கரை கூடுகிறது, திசுக்களில் நீர் குறைகிறது. அப்போது வெளிக்காற்று பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உள்ளே இருக்கும் நீர் உடனே பனிக்கட்டியாவதில்லை. இப்படிப் பதப்பட்ட மரமும், திடீர்க் குளிரில் மாட்டிய மரமும் ஒரே வகையாக இருந்தாலும் தாங்கும் அளவில் பல டிகிரி வேறுபடும். இளங்கன்று முதிர்ந்த மரத்தைவிட எளிதில் சாகும். ஆகஸ்டு, செப்டம்பரில் தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டுத் தளதளவென்று வளரவைத்த கன்று, டிசம்பரில் முதலில் கருகும். வடக்கு நாடுகளில் இருப்பவர்கள் கோடை பாதி கடந்ததும் உரத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

இனங்களைக் குளிர் தாங்கும் வரிசையில் அடுக்கினால், அடியில் நிற்பவை சிட்ரான் எனப்படும் கொம்மட்டி மாதுளையும் சிறு எலுமிச்சையும். நாம் ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் பயன்படுத்தும் அந்த உருண்டை எலுமிச்சை, பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி போனாலே பழுதாகிவிடும். ஐரோப்பாவின் நீண்ட மஞ்சள் எலுமிச்சை அதைவிடச் சற்றுத் தேவலை. அதற்கு மேலே சாத்துக்குடி போன்ற இனிப்பு ஆரஞ்சுகள், புளிப்பு ஆரஞ்சு, பிறகு தோல் எளிதில் உரியும் கமலா வகைகள், தோலோடு தின்னும் சிறுபழமான கும்குவாட். குளிர்ப் பகுதிக்காரர்கள் முதலில் பெயர் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு மரங்கள் ஜப்பானிலிருந்து வருபவை. ஒன்று சட்சுமா: விதையில்லாத, தோல் தளர்ந்த, இனிப்பான கமலா. ஜப்பானின் தெற்கே ககோஷிமா பகுதியில் நானூறு ஆண்டுகளுக்கும் முன் தோன்றியது. நன்கு ஓய்ந்த, முதிர்ந்த சட்சுமா சுமார் மைனஸ் 9 டிகிரி வரை தாங்கும். மற்றொன்று யூசு: கரடுமுரடான தோலும் நிறைய விதையும் கொண்ட புளிப்புப் பழம். சாறு கொஞ்சம்தான், அதன் பெருமை முழுதும் தோலின் மணத்தில் இருக்கிறது. ஜப்பானில் கோச்சி மாவட்டம் அதற்குப் பேர்போனது. அங்கே சமையலில் சேர்ப்பதோடு, ஆண்டின் நெடிய இரவன்று குளிக்கும் வெந்நீரில் முழுப் பழத்தையே மிதக்கவிடும் வழக்கமும் உண்டு. யூசுவும் மைனஸ் 9 டிகிரிக் குளிருக்கு அஞ்சாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே தனியாக நிற்கிறது மூவிலை நாரத்தை. வில்வம்போல மூன்று மூன்றாக இலை விடும். நீண்ட முட்கள் அடர்ந்திருக்கும். குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுங்குச்சியாக நிற்கும். குடும்பத்தில் மற்றவை பசுமை மாறாதவை. இது மட்டும் குளிர்கால உறக்கத்தை முழுமையாகக் கற்றுக்கொண்ட மரம். மைனஸ் 20 டிகிரியிலும் உயிர் பிழைக்கும். பழமோ பிசின் கலந்த கசப்பு. வாயில் வைக்க முடியாது. ஃப்ளோரிடாவின் பேரழிவுக்குப் பிறகு, அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த வால்ட்டர் ஸ்விங்கிள் இந்த மரத்தை இனிப்பு ஆரஞ்சோடு இணைத்தார். குளிர் தாங்கும் இனிப்புப் பழம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. பிறந்த கலப்பினங்கள் குளிரைத் தாங்கின, ஆனால் கசந்தன. பழம் என்ற அளவில் முயற்சி தோற்றது. ஆனால் அந்தக் கசப்பு மரங்களின் வேர் அபாரமானது என்று பின்னால் தெரிந்தது. ட்ராயர், காரிசோ என்னும் கலப்பினங்களும், மூவிலை நாரத்தைக்கும் கிரேப்ஃப்ரூட்டுக்கும் பிறந்த, ஸ்விங்கிளின் பெயரையே தாங்கிய மற்றொன்றும் உலகெங்கும் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு வேர்ச்செடியாகப் போயின. டிரிஸ்டெசா என்னும் வைரஸ் நோய் புளிப்பு ஆரஞ்சு வேரில் நின்ற கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றபோது, அதற்கு ஈடுகொடுத்தவற்றில் மூவிலை நாரத்தையின் வழிவந்த வேர்களுக்கு முக்கிய இடம் உண்டு. குளிர் தாங்கும் மரத்தைத் தேடிய முயற்சி, வெயில் நாட்டுத் தோப்புகளையும் காப்பாற்றியது.

வேர் எப்படிக் குளிரைத் தாங்கவைக்கும் என்று கேட்கலாம். குளிர் தாக்குவது மேலே உள்ள கிளையைத்தானே. மூவிலை நாரத்தையின் வேர் இலையுதிர்காலத்தில் சீக்கிரமே ஓய்ந்துவிடுகிறது. நீரும் சத்தும் ஏறுவது குறைய, மேலே ஒட்டிய மரமும் கூடவே ஓய்கிறது. இடையில் நான்கு நாள் வெயில் அடித்தாலும் ஏமாந்து துளிர்க்காது. 1895 பிப்ரவரியில் ஃப்ளோரிடா மரங்களுக்கு இல்லாமல்போன நிதானம் இதுதான். ஜப்பானின் சட்சுமாத் தோப்புகள் ஏறக்குறைய முழுவதும் இந்த வேரில்தான் நிற்கின்றன. கருங்கடல் கரையில் ஜார்ஜியாவின் பட்டூமி வட்டாரத்துத் தோப்புகளும் அப்படியே. சுண்ணாம்பு மண் மட்டும் இதற்கு ஆகாது. அத்தகைய மண்ணில் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இலை வெளிறும். சுண்ணாம்பு மிகுந்த குழாய்த் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றுகிறவர்களுக்கும் இதே தொல்லை வரும். மழைநீரைப் பிடித்து ஊற்றினால் போதும்.

குளிரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, கோடையை மறந்தால் கணக்கு தவறிவிடும். அமெரிக்காவின் அலபாமாவும் இங்கிலாந்தின் லண்டனும் ஒப்பிடத் தக்கவை. அலபாமாவில் சில இரவுகள் லண்டனைவிடக் கொடிய குளிர் அடிக்கும். ஆனால் கோடை ஐந்து மாதம் கொளுத்தும். ஆகவே அங்கே சட்சுமா இனிக்கிறது. 1870களில் ஜப்பானிலிருந்து வந்த அந்த மரத்தின் பெயரையே ஓர் ஊருக்கு வைத்திருக்கிறார்கள். லண்டனில் குளிர்காலம் மிதம்தான், மரம் சுவரோரம் பிழைத்துவிடும். ஆனால் பழத்தில் சர்க்கரை ஏற வேண்டிய வெப்பம் கோடையில் கிடைக்காது. இனிப்புப் பழங்களுக்குத்தான் அந்த வெப்பம் அதிகம் வேண்டும்; கிரேப்ஃப்ரூட்டுக்கு எல்லாவற்றையும்விட அதிகம். புளிப்புப் பழங்கள் குறைந்த வெப்பத்திலும் தேறிவிடும். கோடையிலும் மூடுபனி சூழும் சான்ஃபிரான்சிஸ்கோவில் வீட்டுக்கு வீடு மேயர் எலுமிச்சை காய்த்துக் குலுங்குவதும், ஆரஞ்சு மட்டும் புளித்தே போவதும் இதனால்தான். அந்த மேயர் எலுமிச்சையை ஃப்ராங்க் மேயர் என்ற தாவரச் சேகரிப்பாளர் 1908இல் பெய்ஜிங் பக்கமிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். சீனர்கள் அதைத் தொட்டியில் அழகுக்காக வளர்த்துவந்தார்கள். கோடை மந்தமான ஊரில் இருப்பவர் ஆரஞ்சு ஆசையை விட்டுவிட்டு எலுமிச்சை, யூசு என்று புளிப்புப் பக்கம் திரும்புவதே புத்திசாலித்தனம்.

கட்டடத்தால் குளிரை வென்ற வரலாறும் உண்டே என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். இத்தாலியின் வடக்கே, ஏறக்குறைய 46 பாகை வட அட்சத்தில், கார்டா ஏரிக் கரையில் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, உயரமான கல்தூண்களை வரிசையாக நட்டு எலுமிச்சை வளர்த்தார்கள். நவம்பரில் தூண்களின் மேல் பலகைக் கூரை ஏறும், முன்பக்கம் கண்ணாடிக் கதவுகள் மூடும். வசந்தத்தில் எல்லாவற்றையும் கழற்றி அடுக்குவார்கள். மிகக் கடுங்குளிரில் உள்ளே நெருப்பு மூட்டுவதும் உண்டு. 1786இல் ஏரியில் படகில் போன ஜெர்மானியக் கவிஞர் கதே இந்தத் தோட்டங்களைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். அங்கிருந்து எலுமிச்சை ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வடநாடுகளுக்குப் போயிற்று. ஆனால் எவ்வளவு கல், எவ்வளவு மரம், எவ்வளவு ஆள்! 19ஆம் நூற்றாண்டில் பிசின் வடியும் நோய் தாக்கியது. ஒன்றுபட்ட இத்தாலியில் சிசிலியின் மலிவுப் பழம் வடக்கே தடையின்றி வந்தது. முதல் உலகப்போர் மிச்சத்தையும் முடித்தது. இன்று தூண்கள் நிற்கின்றன, சில தோட்டங்களைக் காட்சிக்காகப் புதுப்பித்திருக்கிறார்கள். பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1684 தொடங்கி 1686க்குள் கட்டிய ஆரஞ்சு மண்டபம் இன்றும் வேலை செய்கிறது. தெற்கு நோக்கிய, மிகத் தடித்த சுவர்களும் இரட்டைக் கண்ணாடியும் கொண்ட அந்த மண்டபத்தில் குளிர்காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டி மரங்கள் அடைகின்றன. மே மாதம் வெளியே வருகின்றன. உள்ளே வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்காது. கவனிக்க வேண்டியது, அது 25 டிகிரிக்குச் சூடாக்கப்படுவதில்லை. மரம் ஓய்வதற்கான இடம்தான் அது, வளர்வதற்கானது அல்ல.

கட்டடத்தை மாற்றாமல் மரத்தைத் தேரலாம் என்று எளிய வீடுகளில் காட்டிய ஊர் ரஷ்யாவின் பாவ்லவோ. ஓகா ஆற்றங்கரையில், 56 பாகை வட அட்சத்தில் இருக்கும் அந்த ஊர் பூட்டும் கத்தியும் செய்யும் கைவினைஞர்களுடையது. 1860 வாக்கில் வணிகர் ஒருவர் துருக்கியிலிருந்து எலுமிச்சைக் கன்றுகளைக் கொண்டுவந்தார் என்பது ஊர்வழக்கு. ஒரு வீட்டில் நன்றாகக் காய்த்த செடியிலிருந்து குச்சி வெட்டி அடுத்த வீட்டார் வேர்பிடிக்க வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக இது நடந்தது. மங்கிய வெளிச்சத்திலும் வறண்ட அறைக்காற்றிலும் காய்ப்பவை மட்டும் பரவின, மற்றவை மறைந்தன. இன்று பாவ்லவோ எலுமிச்சை என்பது ஜன்னல் விளிம்புக்கென்றே தேர்ந்த ஒரு வகை. அந்தப் பழத்துக்கு அங்கே நினைவுச்சின்னமும் எழுப்பியிருக்கிறார்கள். கார்டாவில் மரத்துக்காகக் கட்டடத்தை மாற்றினார்கள். பாவ்லவோவில் வீட்டுக்கு ஏற்ற மரத்தைத் தேர்ந்தார்கள். இரண்டில் நிலைத்தது இரண்டாவது.

தொட்டி வளர்ப்பில் பலர் தோற்பது குளிரால் அல்ல, அரைகுறை வெப்பத்தால். பகலில் கண்ணாடி வழியாக வெயில் இலையைச் சூடாக்குகிறது. தொட்டி மண்ணோ குளிர்ந்த தரையில் 13 டிகிரிக்குக் கீழே கிடக்கிறது. இலை தண்ணீர் கேட்கிறது, வேர் உறிஞ்சுவதில்லை. மரம் இலையைக் கொத்துக் கொத்தாக உதிர்க்கிறது. பார்ப்பவர் வறட்சி என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார், வேர் அழுகுகிறது. இரண்டில் ஒன்றைத் தெளிவாகச் செய்ய வேண்டும். உறையாத, குளிர்ந்த, வெளிச்சமான அறையில் 5 முதல் 10 டிகிரியில் ஓயவிட்டு, மண் காயும்போது மட்டும் கொஞ்சம் தண்ணீர் விடலாம். அல்லது வேரும் சூடாக இருக்குமாறு தொட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, விளக்கும் போட்டு வளரவிடலாம். இரண்டுக்கும் நடுவில் வைத்தால்தான் ஆபத்து.

பூமி சூடேறுகிறதே, இனி இந்தக் கவலை எதற்கு என்பது இன்னொரு வாதம். சராசரி வெப்பம் உயர்வது உண்மை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சட்சுமாத் தோப்புகள் அண்மை ஆண்டுகளில் பெருகுவதும் உண்மை. ஆனால் மரத்தைக் கொல்வது சராசரி அல்ல, ஓர் இரவு. 2021 பிப்ரவரியில் டெக்சாசின் தென்கோடிவரை பாய்ந்த உறைகுளிர் அங்குள்ள ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட் தோப்புகளைச் சிதைத்தது. குளிர்காலம் இதமானால் மரங்கள் முன்னதாகவே துளிர்க்கும். பின்னால் வரும் ஒற்றைக் குளிரலை அதிக நாசம் செய்யும். 1895இன் கதை மறுபடி நடக்க வாய்ப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஜார்ஜியா விவசாயிகளும் வெப்பமயமாதலை நம்பி இருந்துவிடவில்லை. மூவிலை வேரில் ஒட்டிய கன்றை நட்டு, அடிமரத்தருகே நுண்தெளிப்பான் வைக்கிறார்கள். உறையும் ஒவ்வொரு கிராம் நீரும் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். இரவு முழுதும் தண்ணீர் தொடர்ந்து தெளித்தால் அடிமரமும் ஒட்டுப்பகுதியும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். மேல்கிளை கருகினாலும் ஒட்டுக்கு மேலிருந்து மறுபடி தழைக்கும். தெளிப்பு நடுவில் நின்றுபோனால் மட்டும் ஈரமே எமனாகிவிடும்.

இடம் பார்ப்பதைப் பற்றி மலைவாசிகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் உறைபனி விழும் காலையில் தலைகுந்தாவும் குதிரைப்பந்தய மைதானமும் வெளுத்துக் கிடக்க, சரிவில் உள்ள வீடுகளின் முற்றம் பச்சையாகவே இருக்கும். பள்ளத்தை விட்டுச் சரிவில், வெயில் படும் சுவரை ஒட்டி நடுவது இரண்டு மூன்று டிகிரிக்குச் சமம்.

கடையில் கிலோ கணக்கில் பழம் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. அந்தக் கடைப்பழம் வரும் தோப்புகளே இன்று ஆபத்தில் இருக்கின்றன. அவற்றைத் தாக்கும் கிரீனிங் என்னும் நோய்க்கு மருந்து இல்லை. 2003-04இல் ஏறக்குறைய 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த ஃப்ளோரிடாவில், 2005இல் அந்த நோய் கண்டறியப்பட்ட பிறகு விளைச்சல் சரிந்து, 2023-24இல் 2 கோடிப் பெட்டிக்கும் கீழே வந்துவிட்டது. பழனி மலைச்சரிவில் பேர்பெற்றிருந்த கமலாத் தோட்டங்கள் நலிந்ததிலும் இந்த நோய்க்குப் பங்கு உண்டு. மூவிலை நாரத்தையின் கலப்பினங்கள் சில இதை ஓரளவு தாங்குகின்றன என்பதால் ஆய்வாளர்கள் மீண்டும் அந்தக் கசப்பு மரத்திடமே போயிருக்கிறார்கள். புதிய சூழலில் வகைகளைச் சோதித்துப் பார்க்கும் ஒவ்வொரு வீட்டுத் தோட்டமும் இந்தக் குடும்பத்தின் பன்மையைக் காக்கிறது.

ஆகவே கன்று வாங்கப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: வகையின் பெயர் என்ன, எந்த வேரில் ஒட்டியது, நோயற்ற தாய்மரத்திலிருந்து எடுத்ததா. பெயர் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். விதை போட்டு வளர்த்தாலும் மரம் வரும், ஆனால் முள்ளோடு வரும், காய்க்க ஏழெட்டு ஆண்டோ அதற்கு மேலோ ஆகும், வேரும் குளிருக்கு உதவாது. குளிர்நாட்டில் வாழும் தமிழர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஊருக்கு வந்து திரும்பும்போது எலுமிச்சைக் கன்றையோ கறிவேப்பிலைச் செடியையோ பெட்டிக்குள் மறைத்து எடுத்துச் செல்லாதீர்கள். கிரீனிங் நோயைப் பரப்பும் சில்லிட் என்னும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் முட்டையிட்டுப் பெருகும். வெளியிலிருந்து எலுமிச்சைக் குடும்பத்துக் கன்றுகளைக் கொண்டுவர ஐரோப்பிய நாடுகள் தடை விதித்திருப்பது இப்படிப்பட்ட பூச்சிகளுக்கும் நோய்களுக்கும் அஞ்சித்தான். நீங்கள் வாழும் நாட்டிலேயே சட்சுமாவும் யூசுவும் மேயர் எலுமிச்சையும் மூவிலை வேரில் ஒட்டி விற்கும் நாற்றங்கால்கள் இருக்கின்றன. அங்கே வாங்குங்கள்.